சீலோவாம் கொக்கின் நடை

ஹைதராபாத்
2.6.2024

அன்புள்ள தங்கச்சி விமலாவுக்கு,

அண்ணன் சத்தியதாஸ் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் வினீத்தும் மருமகளும் சுகம். நீயும் சஜுவும் சுகம்தானே? அமரவிளையில் மழை இறங்கிவிட்டதாக டிவியில் காட்டினார்கள். முற்றத்தில் பாசி பிடித்திருக்கும், பார்த்து நட.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது என்று, அம்மா போனபிறகு நீதான் இந்தக் கடிதச் சட்டம் போட்டாய். அதனால் ஐந்து நாளாக அடக்கிவைத்திருந்த விஷயத்தை எழுதுகிறேன். கொக்கு திரும்பி வருகிறது மக்கா!

சீலோவாம் சோப்பு முதலாளியின் பேரன் அபிஜித் என் நம்பரை எங்கோ தேடிப் பிடித்துக் கூப்பிட்டான். "அங்கிளே, எனக்க சோப்ப ஒருத்தனும் ஓர்க்கல்ல. அந்தக் கொக்க மட்டும் எல்லாவனும் ஓர்க்குதானுவ. அதத் திரும்பக் கொண்டு வரணும்" என்றான். சோப்பை மறந்துபோனவர்களுக்கும் கொக்கு நினைவிருக்கிறதாம். இந்த ஊரிலேயே ஒரு ஸ்டூடியோவை அமர்த்தியிருக்கிறான். நான் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

போனை வைத்த பிறகு வடபழனி மாடி அறை ஞாபகம் வந்தது. தாள் பறக்கும் என்று ஃபேன் போடாமல், வியர்வை சொட்டாமல் இருக்கக் கையில் துணி சுற்றிக்கொண்டு, நாற்பது செகண்டு விளம்பரப் படத்துக்கு ஐந்நூறு படம் வரைந்தேன். வயலில் சேறு பூசிக்கொண்ட கொக்கு குளத்தில் குதித்து, நுரையோடு வெள்ளையாக ஏறிவந்து, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கும். இடது காலை வெளியே வீசி ஊன்றும். ஊன்றும்போது இடது சிறகால் தொடையில் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு நெய்யாற்றின்கரை தியேட்டரே சிரித்தது உனக்கு நினைவிருக்கும். பாறசாலை வரை மலையாளம் பேசிய கொக்கு, களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினால் தமிழ் பேசியது. நடை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ வரைந்தேன், ஒன்றும் யாருக்கும் நினைவில்லை. இது ஒன்றுதான் நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

அண்ணன்,
சத்தியதாஸ்


அமரவிளை
21.6.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

விமலா எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. இங்கே நானும் சஜுவும் சுகமே. அவன் பாறசாலை டைல்ஸ் கடைக்குப் போய்வருகிறான். பெண் பார்க்கலாம் என்றால் "இப்ப வேண்டாம் அம்மா, பின்னே பாக்கலாம்" என்று நழுவுகிறான். எனக்கு ரிட்டயர் ஆன பிறகு பொழுது போகமாட்டேன் என்கிறது. முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக்கொடுத்த கை, இப்போது பலாக்கொட்டை தொலி உரிக்கிறது.

ஐந்து நாள் அடக்கிவைத்தீர்களாக்கும்! ஐந்து நிமிடம் ஒரு விஷயத்தை அடக்கத் தெரியாத ஆள் நீங்கள். அதிசயம்தான்.

கொக்கு வருவது சந்தோஷம். அதை எல்லாருக்கும் நினைவிருக்கிறது, எனக்கும் நினைவிருக்கிறது. நெய்யாற்றுக் கரையில் நின்ற ஒரு கொக்கைப் பார்த்து வரைந்தேன் என்று அம்மாவிடம் சொன்னீர்களே, திரும்பவும் அந்தக் கொக்கைத்தான் தேடிப் போவீர்களா? அதற்கு ஆயுசு முடிந்திருக்கும், பாவம்.

உங்கள் சுகரை நேரத்துக்குப் பாருங்கள். மருமகள் கையால் கிடைக்கும் இனிப்பையெல்லாம் அன்பு என்று சாப்பிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
விமலா


ஹைதராபாத்
7.7.2024

அன்புள்ள விமலாவுக்கு,

நலம். உன் சுகத்துக்கு ஸ்தோத்திரம். சுகர் நூற்று நாற்பது, உன்னிடம் பொய் சொல்லக்கூடாது, நூற்று அறுபது.

ஸ்டூடியோவுக்கு நாலு நாள் போய்வந்தேன். ஜெஸ்மி என்று ஒரு பெண்தான் கொக்கைச் செய்கிறாள். அம்பூரிக்காரி, அப்பாவுக்கு ரப்பர் தோட்டம். நம் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் அவள் செய்திருக்கும் கொக்கின் இறகை நீ பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் தனியாகக் காற்றில் ஆடுகிறது. ஆனால் நடக்கவிட்டால் ஏதோ காலெடுத்து வைக்கும் பொம்மை. அது நம் கொக்கு இல்லை.

என் பழைய படங்கள் ஒன்றும் மிச்சமில்லை. சென்னை வீட்டில் வெள்ளம் வந்த வருஷம் பெட்டியோடு போயின. அபிஜித்திடம் இருக்கும், டிவியிலிருந்து பிடித்த வீடியோ கேசட்டில் கொக்கின் கால் இருக்கும் இடத்தில் முழுக்கக் கடைகளின் பெயர்ப்பட்டி ஓடுகிறது. கேபிள்காரன் வேலை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

ஜெஸ்மி அதையே இருபது முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அங்கிள், இது கொக்குக்க நடை இல்ல கேட்டியளா. கொக்குக்கு முட்டு பின்னாலயாக்கும் மடங்கும். இதுக்க இடுப்பு ஆடுதத பாத்தா ஒரு ஆளுக்க நடை மாதிரி உண்டு. ஆருக்க நடை இது?" நான் சிரித்து மழுப்பினேன். 

சரி, அது கிடக்கட்டும். உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. சஜுவிடம் சொல்லி, நீ வாசலிலிருந்து ரோடு வரை நடப்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லேன். பக்கவாட்டில் நின்று, கால் தெரிகிற மாதிரி எடுக்கட்டும். வேறு ஒன்றுமில்லை, உன்னைப் பார்க்கலாம் என்றுதான்.

அண்ணன்,
சத்தியதாஸ்


அமரவிளை
29.7.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. இங்கே சுகம். கர்க்கடக மாத மழை விடவில்லை, துணி ஒன்றும் காயவில்லை. சோப்புக் கம்பெனிக்கு நல்ல காலம்தான்.

தங்கச்சியைப் பார்க்க ஆசைப்படுகிற அண்ணன் முகத்தை அனுப்பச் சொல்வான் என்று நினைத்திருந்தேன். காலை அனுப்பச் சொல்கிறீர்கள், அதுவும் பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டுமாம். எனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பியது முதல் எத்தனையோ பேர் என் காலைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பார்க்கவேண்டும் என்று கேட்டு எழுதியது நீங்கள் ஒருவர்தான்.

சஜுவுக்கு வேலை அதிகம், வீடியோ எடுக்க நேரமில்லை. வேண்டுமானால் என் ரிட்டயர்மெண்ட் போட்டோ அனுப்புகிறேன். உட்கார்ந்திருக்கிறேன், கழுத்தில் மாலை.

அந்த அம்பூரிப் பெண் கெட்டிக்காரி. அவளுக்கு நீங்கள் பதில் சொல்லியிருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமலா


ஹைதராபாத்
14.8.2024

அன்புள்ள விமலாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கோபித்துக்கொண்டாயா? நான் சாதாரணமாகக் கேட்டதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். கொக்குக்கு நடை ஒன்று மாதிரிக்கு வேண்டியிருக்கிறது. யார் நடந்தாலும் சரி, வயதான ஒருவர் நடந்தால் நல்லது. அதற்காகத்தான் கேட்டேன். அக்டோபர் முடிவதற்குள் நான் கொடுக்காவிட்டால், கம்ப்யூட்டரிலேயே தயாராக இருக்கும் ஏதோ ஒரு நடையைப் போட்டுவிடுவார்களாம். கிறிஸ்துமஸுக்கு விளம்பரம் வெளிவர வேண்டும். இவ்வளவு தூரம் வந்து என் கொக்கு எவனோ நடக்கிற மாதிரி நடந்தால் எனக்கு எப்படியிருக்கும், யோசித்துப் பார்.

உடனே பதில் போடு.

அண்ணன்,
சத்தியதாஸ்


ஹைதராபாத்
22.9.2024

அன்புள்ள மக்கா விமலா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஓணம் கழிந்தது, அதற்கும் ஒரு வரி இல்லை. சட்டத்தை மீறி சஜுவைக் கூப்பிட்டேன். "அம்ம சுகமாயிட்டு உண்டு மாமா, கெடந்து ஒறங்குது" என்று சொல்லி வைத்துவிட்டான். பகல் பதினொரு மணிக்கு நீ என்றைக்கடி உறங்கியிருக்கிறாய்? என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

நியாயம்தான். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

நெய்யாற்றுக் கரையில் நான் எந்தக் கொக்கையும் பார்க்கவில்லை. அது உன் நடை விமலா.

வேண்டுமென்று எடுக்கவில்லை. கொக்கை நடக்கவைக்கப் பத்து நாள் பாடுபட்டேன், கம்பியில் கட்டின மாதிரி நடந்தது. பதினோராம் நாள் கை தானாக ஒரு நடை போட்டது. வலது கால் தரையில் தங்கும் நேரம், இடது கால் வட்டமடித்து வரும் நேரம், ஊன்றும்போது நீ தொடையில் கை கொடுப்பது, எல்லாம் கணக்காக வந்து விழுந்தது. பாதி வரைந்த பிறகுதான் யாரை வரைகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அப்போது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது அவ்வளவு நன்றாக வந்திருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

அதியன்னூர் வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். நீ சாயா கொண்டுவந்தாய். அவர்கள் வீட்டுக் குழந்தை கைதட்டி, "அம்மா, சீலோவாம் கொக்கு!" என்று கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். அந்த ஆட்கள் திரும்பப் பதில் சொல்லவில்லை. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. மெட்ராஸுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ரயிலேறிவிட்டேன்.

ஒரு பிள்ளைக்கு விளையாட்டாகத் தெரிந்தது உனக்கு ஆயுசுக்கும் சுமையாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அதே நடையைத் திரும்பவும் உன்னிடமிருந்து திருடப் பார்த்தேன், அதற்கும் ஒரு பொய் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நீ வேண்டாம் என்றால் கொக்கு வேண்டாம். நாளைக்கே அபிஜித்திடம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


அமரவிளை
10.10.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை வாசித்தேன். எழுத்து சரிந்திருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். சாய்ந்து கிடந்து எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும் அண்ணன். நீங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. தியேட்டரில் கொக்கு முதல் அடி வைத்தபோதே தெரிந்துவிட்டது. தொடையைத் தட்டியபோது அம்மா இருட்டில் என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்தது. அன்று வீட்டில் கஞ்சி குடிக்கும்போது அம்மா உங்களைக் கேட்டாள், "எலே தாசு, இந்த நடைய எங்கேருந்து எடுத்த?" என்று. தெரியாமல் கேட்கவில்லை, சொல்லட்டும் என்றுதான் கேட்டாள். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நெய்யாத்துல ஒரு கொக்கு நிண்ணுது அம்மா" என்றீர்கள். நாங்கள் இரண்டு பேரும் கஞ்சியைக் குடித்து முடித்தோம்.

என் கோபம் அந்தப் பதில்மேல்தான், கொக்கின்மேல் இல்லை. இன்றைக்கு இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் மெட்ராஸ் போன பிறகு நான் அந்த தியேட்டருக்கு இன்னும் நாலு முறை போனேன். பிரேமகுமாரிதான் துணை. என்ன படம் என்றுகூடப் பார்க்க மாட்டோம், கொக்கு வந்துபோனால் எனக்குப் போதும். "ஒனக்கென்ன பைத்தியமா பெண்ணே?" என்று அவள் சத்தம் போடுவாள். நம் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும்தான் இருந்தது. நான் நடப்பதை நான் பார்த்ததே கிடையாது. மற்றவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதில் நன்றாக இருந்ததில்லை. திரையில் நன்றாக இருந்தது. எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், அழகாக இருந்தது.

சுமை இல்லாமல் இல்லை. அதியன்னூர் காரியத்தில் ஒரு மாதம் அழுதேன். பிறகு சஜுவின் அப்பா வந்தார். செக்போஸ்ட்டில் லாரிகளின் இரைச்சலில் வேலை பார்த்த மனிதர், வாசலில் என் காலடி கேட்டே நான் வந்தது தெரியும் என்பார். அவர் இருந்த வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கொக்கு டீச்சர் என்றுதான் பெயர். ஒருநாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்குப் பின்னால் என்னைப்போலவே நடந்து வந்தார்கள். திரும்பி, வரிசையில் நிறுத்தி, "எலே, இப்பிடி இல்ல. எடது கால வெளிய வீசணும், பெறவுதான் தட்டணும்" என்று நடத்திக் காட்டினேன். அதோடு விளையாட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது.

கொக்கு நடக்கட்டும். எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அது யாருடைய நடை என்று அந்த அபிஜித்திடமும் ஜெஸ்மியிடமும் உள்ளது உள்ளபடி சொன்ன பிறகு நடக்கட்டும். இன்னொரு தடவை நெய்யாற்றுக் கொக்கைச் சொன்னீர்களானால் பிறகு கடிதமும் கிடையாது.

இப்போது இங்கே வரவேண்டாம். மழை.

விமலா


ஹைதராபாத்
30.10.2024

அன்புள்ள விமலாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். எழுத்து சரிந்திருந்தது கோபத்தால் என்று முதலில் பயந்தேன். சாய்ந்து கிடந்து எழுதினாய் என்றால் முழங்கால் வலி கூடிவிட்டதா? சரியாக எழுது.

நீ சொன்னபடி சொல்லிவிட்டேன். அபிஜித்தும் ஜெஸ்மியும், கொச்சியிலிருந்து வந்த விளம்பர ஆள் ஒருவரும் இருந்தார்கள். "இது என் தங்கச்சி விமலகுமாரியின் நடை. போலியோ வந்த கால். கேட்காமல் எடுத்தேன், இப்போது கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்" என்றேன். சொல்லி முடித்ததும் ஜெஸ்மி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொச்சிக்காரர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடல் குறையைக் கேலி செய்ததாக யாராவது கிளப்பிவிட்டால் கம்பெனி பெயர் கெட்டுப்போகும், ஆகவே இந்த நடை வேண்டவே வேண்டாம் என்றார். நான் எவ்வளவோ பேசினேன். சம்பந்தப்பட்டவளே சம்மதித்திருக்கிறாள் என்றேன். "அவங்க சம்மதிப்பாங்க சார், பாக்கிறவங்க சம்மதிக்கணுமே" என்றார். அபிஜித்தும் அவர் பேச்சையே கேட்டான். கடைசியில் கம்ப்யூட்டரில் இருக்கும் நேரான நடையைப் போடுவதென்று முடிவாயிற்று. 

உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் கொக்கு நடந்திருக்கும். அப்படி நடந்திருந்தால் நான் உன் முகத்தைப் பார்க்க முடியாது. என் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலில் சாயாக் கடை வரை ஜெஸ்மி கூடவே வந்தாள். அவளுக்கும் அழுகை. 

வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். ஆராதனையில் நீ காணிக்கை போட முன்னால் நடந்து போவதைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அது போதும் எனக்கு.

அண்ணன்,
சத்தியதாஸ்


அமரவிளை
18.11.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

கடிதம் வாசித்து எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கொச்சிக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது என்னைப் பின்வரிசையில் நிறுத்தினவர்கள், டீச்சர் வேலைக்கு இவளால் வகுப்பில் நிற்க முடியுமா என்று கேட்டவர்கள், இவர்களில் ஒருவருக்கும் என் மனம் நோகும் என்று தோன்றியதில்லை. இப்போது ஒரு கொக்கு என்னைப்போல் நடந்தால் எனக்கு நோகுமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நேராக்கிவிட்டார்களே அண்ணன். என் காலைத்தான் யாராலும் நேராக்க முடியவில்லை, கொக்கின் காலையாவது நேராக்கிவிட்டோம் என்று ஆறுதல் போலும். இனி சீலோவாம் சோப்பு இந்த வீட்டில் ஏறாது.

உங்களுக்கு நஷ்டம் வந்தது என் வாக்கால். ஆனாலும் நீங்கள் சொன்னதில் எனக்கு உண்டான சந்தோஷத்தைக் கடிதத்தில் எழுத முடியாது.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். நீங்கள் மட்டும்தான் மறைப்பீர்களா?

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, ஆராதனைக்குப் புறப்படும்போது முற்றத்தில் வழுக்கி விழுந்தேன். இடது இடுப்பெலும்பு ஒடிந்தது. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஏழு வாரம் படுக்கை. சஜுதான் எல்லாம் செய்தான், பெற்ற பிள்ளைக்கு அந்த வேலைகளைக் கொடுத்தேனே என்று இருந்தது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நீங்கள் கேட்டது என் நடையை, நான் கிடந்தது கட்டிலில். அது போய்விட்டது என்று எழுதக் கை வரவில்லை.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறேன். இரண்டு கையும் அதில் இருக்கிறது, தொடையைத் தட்டக் கை ஏது? கால் வீச்சும் இல்லை. இழுத்து வைத்து இழுத்து வைத்துப் போகிறேன். பழையபடி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காணிக்கை போட முன்னால் போவதைப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துத்தான் உடைந்து போனேன்.

அண்ணன், எனக்கு ஒன்று செய்யவேண்டும். ஐம்பத்தைந்து வருஷம் நான் எப்படி நடந்தேன் என்று ஒருதரம் பார்க்கவேண்டும். கொக்கு வேஷம் இல்லாமல், நானாக. உங்கள் தலையில் இன்னும் இருக்கிறதா?

விமலா


ஹைதராபாத்
9.12.2024

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்த அன்று சாப்பிடவில்லை. உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். வந்து நேரில் திட்டுகிறேன்.

இத்துடன் வரும் பொட்டலத்தில் எண்பத்தெட்டு தாள் இருக்கிறது. பதினோரு அடி. வரிசை மாறக்கூடாது என்று மூலையில் நம்பர் போட்டிருக்கிறேன். இடது கையால் அடியை இறுக்கிப் பிடித்து, வலது பெருவிரலால் தாள்களைச் சரசரவென்று விடு. வேகமாகவும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம்.

சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழா நடந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. பச்சைப் பாவாடையில், காணிக்கைப் பையோடு கடைசி வரிசையிலிருந்து பீடத்துக்கு நடந்தாய். அன்று என் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் இழுத்தேன். ஆளைப் பார்த்து நான் வரைந்த முதல் நடை அதுதான். புத்தகம் இல்லை, ஆனால் எல்லாம் என் கையில் இருக்கிறது. வயதான கை, சில கோடு இரட்டையாக விழுந்திருக்கும்.

23-ம் தேதி காலை வண்டியில் வருகிறேன். சஜுவை நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்.

அண்ணன்


அமரவிளை
17.12.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

பொட்டலம் நேற்றுக் காலை வந்தது. சஜுவுக்கும் காட்டவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் பார்த்தேன். முதலில் விரலுக்குப் பழகவில்லை, தாள் மூன்று மூன்றாகப் போயிற்று. ஐந்தாம் தடவை அவள் நடந்தாள்.

எட்டாவது அடியில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். அதை நான் மறந்திருக்கவில்லை. பையன்கள் யாரோ சிரித்தார்கள், அதற்குத்தான் திரும்பினேன். கோவிலில் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நீங்கள் ஒருவர்தான் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். இப்படி ஒரு தங்கச்சி இருப்பது அண்ணனுக்கு வெட்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். யாரிடமும் சொன்னதில்லை. தியேட்டரில் கொக்கைப் பார்த்த அன்றும், நீங்கள் அம்மாவிடம் பொய் சொன்ன அன்றும், போனில் சத்தம் போட்ட ஒவ்வொரு தடவையும் அந்தக் குனிந்த தலைதான் என் மனதில் வரும்.

ஆனால் திரும்பிப் பார்க்கிற என் கண்ணை வரைந்திருக்கிறீர்கள். பயந்த கண், அழ மாட்டேன் என்று இறுக்கின உதடு, காதில் தொங்கின அம்மாவின் கம்மல் எல்லாம் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்காதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நாற்பத்தைந்து வருஷமாக நீங்கள் வெட்கப்பட்டுக் குனிந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணன். நீங்கள் என்னை வரைந்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

23-ம் தேதி சஜு ஸ்டேஷனில் நிற்பான். மரச்சீனிக் கிழங்கும் மீனும் செய்யச் சொல்லியிருக்கிறேன், சுகர் மாத்திரையை மறந்துவிட்டு வராதீர்கள். நான் வாக்கரோடு கேட் வரை வருவேன். இந்த நடை பார்க்க எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்து வரைந்து காட்டுங்கள். இந்தத் தடவை என்னிடம் சொல்லிவிட்டு வரையுங்கள்.

உங்கள் தங்கச்சி,
விமலா